வால் இறக்கிய டிரெய்லர்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. சங்கிலி என்றால் போதும், "அதோ நீளமா ஒரு டிரெய்லர் நிக்குது பாருங்க, அந்த வீடுதான்" என்று கை காட்டிவிடுவார்கள்.

லாரி ஸ்டாண்டில் விழுந்த பட்டப்பெயர் அது. வாலிப வயதில் ஒரு கம்பெனி லாரியில் ட்ராக்டர் ஏற்றிப் போனபோது, வளைவு ஒன்றில் கயிறு அறுந்து ட்ராக்டர் சரிந்து சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. பின்னால் வந்த ஒருவர் மட்டும் சைக்கிளை நடுரோட்டில் போட்டுவிட்டு வரப்பேறி ஓடினார். கயிறு கம்பெனி கொடுத்தது, முடிச்சு இவர் போட்டது. அன்றிலிருந்து எதைக் கட்டினாலும் சங்கிலிதான், ஒன்று போதும் என்கிற இடத்தில் இரண்டு. ட்ராக்டர் ஏற்றும் வேலையையே விட்டுவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டப் போய்விட்டார். "தண்ணி சிந்தினா யாரும் பள்ளத்துல இறங்கித் தேட மாட்டாங்க" என்பார்.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் மெஷின், ஜன்னலோரம் வெட்டுமேஜை, கதவுக்குப் பின்னால் முடிந்த துணிகள் தொங்கும் கம்பி. ஊசியில் நூல் கோக்கும்போதுகூடப் பேச்சு நிற்காது. "எங்க வீட்டுக்காரர் கட்டிலையும் சேர்த்துக் கட்டிட்டுத்தான் படுப்பார்" என்று அளவு கொடுக்க வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

தெருக்களுக்கெல்லாம் குழாய் வந்தபின் தண்ணீர் லாரிக்கு வேலை குறைந்தது. சங்கிலி ஒரு பழைய சின்ன லாரியை வாங்கி மணலும் செங்கல்லும் ஏற்றினார். அறுவடை நேரத்தில் போன் வரும். "ட்ராக்டர் ஏத்துவீங்களா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, நாம அது பண்றதில்லை" என்று வைத்துவிடுவார். வைத்தபின் சற்று நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி இதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. ரெண்டையும் வெச்சுக்கிட்டே செய்யலாமே."

"கயிறு அறுந்தது உனக்குத் தெரியாது. நான் பார்த்தவன்."

"அதான் சொல்றேன். பார்த்தவர் கட்டினா நல்லாக் கட்டுவார்."

 அடுத்த வாரமே அவர், மூடப்போகிற ஒரு மரக்கடையிலிருந்து பழைய டிரெய்லர் ஒன்றை லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார். பக்கச் சுவர் இல்லாத தட்டையான வண்டி. மரத்தடிகளைச் சுமந்து சுமந்து தளம் குழிவிழுந்திருந்தது. பலகைகளில் பாதி இற்றுப்போய், ஒரு மூலையில் புல் முளைத்திருந்தது. மனைவி வாசலில் நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"என்னங்க இது, வீட்டைவிட நீளமா இருக்கு. நாம இதுக்குள்ள குடிபோறோமா?"

அவளுடைய அண்ணன் வெல்டர். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தார். கை சுத்தமான வேலை, வாய்தான் ஓயாது. மாப்பிள்ளை டிரெய்லர் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சாயங்காலமே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அடியில் படுத்துச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார்.

"சட்டம் கல்லு மாதிரி இருக்கு மாப்ளே. பலகையெல்லாம் குப்பை. ஆனா ஒண்ணு, தளம் நெஞ்சு உயரத்துக்கு நிக்குது. இவ்வளவு உயரத்துக்குச் சாய்வுப்பலகை போட்டா ட்ராக்டர் ஏறாது, பறக்கும். பின்பக்கத்தை அறுத்துக் கீழ்நோக்கிச் சாய்க்கணும். வாலை இறக்கிட்டா குட்டைப் பலகையே போதும்."

"அறுக்கிறதா? நல்லா இருக்கிற சட்டத்தையா?" சங்கிலிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அறுக்காம பின்ன, கெஞ்சினா இறங்குமா?"

இரண்டு நாள் இதே பேச்சு. அறுத்த இடம் பிறகு என்றைக்கும் பலவீனம்தான் என்பார் இவர். உள்ளே தாங்கு தகடு வைத்து ஒட்டினால் முன்னைவிட பலம் என்பார் அவர். கடைசியில் தையல்காரிக்குப் பொறுமை போயிற்று. கையில் கத்தரிக்கோலோடு எழுந்து வந்தாள்.

"துணியை வெட்டாம எப்படிங்க தைக்கிறது? வெட்டற இடம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. அண்ணே, நீ முதல்ல கோடு போட்டுக் காட்டு."

மச்சான் சாக்கட்டியால் கோடு போட்டார். சங்கிலி அளந்து பார்த்தார், திரும்பவும் அளந்து பார்த்தார், அப்புறம் தலையாட்டினார். அறுக்கும் மெஷின் பொறி பறக்கவிட்டபோது மட்டும் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப்பின் வேலை மளமளவென்று நடந்தது. இற்ற பலகைகளைப் பெயர்த்துவிட்டுக் கனமான புதுப்பலகைகளைப் போல்ட் போட்டு இறக்கினார்கள். சாய்ந்த வாலில் மரத்துக்குப் பதில் இரும்புப் பட்டைகளைக் குறுக்கே ஒட்டினார் மச்சான், சேற்றுச் சக்கரம் வழுக்காமல் பிடித்து ஏறுவதற்கு. சாய்வுப்பலகைகளைக் கீல் வைத்து மாட்டினார். வேண்டாதபோது நிமிர்த்திக் கொக்கி போட்டுவிடலாம். சங்கிலிகளைக் கோக்கும் வளையங்களைப் பற்றி மட்டும் மாப்பிள்ளை வைத்ததுதான் சட்டம். ஒன்றுகூடப் பலகையில் இருக்கக்கூடாது, எல்லாம் நேராக இரும்புச் சட்டத்தில். மச்சான் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத்தனை வளையமா? ட்ராக்டரை ஏத்தப் போறியா, யானையைக் கட்டப் போறியா?"

"யானை வந்தாலும் வரட்டும் மச்சான், ஒட்டுங்க."

எல்லாம் முடிந்து சிவப்புப் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தபோது, மச்சான் பட்டறையிலிருந்து தள்ளுவண்டியில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரும்புப் பெட்டி. இரண்டு கதவு, மழை புகாத மூடி, கதவு நடுவே கம்பியை வளைத்துச் செய்த பூ. சங்கிலிகளும் ஜாக்கியும் வைத்துக்கொள்ள, என் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் என் பரிசு என்று சொல்லி, தளத்தின் முன்விளிம்பில் அதை ஒட்டிவிட்டுத்தான் தேநீர் குடித்தார். சங்கிலி பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

ஒத்திகைக்குப் பக்கத்துத் தெரு விவசாயி ஒருவர் தன் ட்ராக்டரைக் கொடுத்தார். சங்கிலி அதை ஓட்டி ஏற்றினார். மச்சான் லாரி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். ட்ராக்டரின் முன்சக்கரம் வாலில் ஏறியதும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய பின்சக்கரம் ஏறியதும் வால் தரையைத் தொட்டது. டிரெய்லரின் மூக்கு எழும்பியது. மூக்கோடு லாரியின் பின்பக்கமும் எழும்பியது.

"டேய், டேய்! மாப்ளே! என்னை எங்கடா தூக்கறே?" என்று மச்சான் அலறினார். தெருவே சிரித்தது. தையல்காரி சிரித்துச் சிரித்து, கழுத்தில் கிடந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு வழி சுலபமாகவே கிடைத்தது. வாலுக்கடியில் இறக்கி நிறுத்துகிற இரண்டு இரும்புக் கால்களை மச்சான் மறுநாளே பொருத்திவிட்டார். ஏற்றும்போது கால்கள் பாரத்தைத் தாங்கின, லாரி அசையவில்லை. ட்ராக்டரைக் கட்டிக்கொண்டு இருவரும் ஊருக்கு வெளியே பெரிய சாலைக்குப் போனார்கள். மெதுவாகப் போகும்வரை நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லாரியும் சேர்ந்து நெளிந்தது. மச்சான் வாயை மூடிக்கொண்டார். சங்கிலி பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி வண்டியைத் தானாகவே தளரவிட்டு ஓரங்கட்டினார். இறங்கிப் பார்த்தால் கட்டிய சங்கிலிகளில் ஒன்றுகூடத் தளரவில்லை. 

வீட்டுக்கு ஊர்ந்து வந்து, இரும்புக் கால்களை இறக்கிவிட்டு, லாரியைக் கழற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பார்த்தார். மேலே அத்தனை பெரிய ட்ராக்டர் நின்றும், கையால் தூக்கினாலே மூக்கு எழும்பியது.

"பாரம் பின்னாடி நிக்குது மச்சான். மூக்குல கனமே இல்லை, அதான் ஆடுது. ட்ராக்டரை இன்னும் முன்னாடி தள்ளி நிறுத்தணும்."

"நிறுத்து. யாரு வேணாம்னா?"

"பெட்டி இடிக்குதே."

மச்சான் முகம் மாறியது. "அப்போ பெட்டிதான் குத்தவாளி."

"நான் அப்படிச் சொல்லலை. பெட்டியை எடுத்துட்டா..."

"எடு. பெட்டியையும் எடு, என்னையும் எடுத்துரு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் பேச்சில்லை. சங்கிலி பெட்டியைத் தொடவில்லை. அறுக்கவும் மனமில்லை, அப்படியே ஓட்டவும் முடியாது. மறுபடி மணல் ஏற்றப் போனார். மச்சானின் மனைவி போன் செய்தாள்.

"தம்பி, உங்க மச்சான் சரியாச் சாப்பிடறதே இல்லை."

"ஐயோ, அப்படியாக்கா?"

"சும்மா சொன்னேன், நல்லாத்தான் சாப்பிடறாரு. ஆனா சத்தமில்லாம சாப்பிடறாரு. வீடே வீடா இல்லை. நீங்களாவது ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

பேசத்தான் நினைத்தார். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. மறுநாள் காலை குளித்துக்கொண்டிருந்தபோது வெளியே அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. இடுப்பில் துண்டோடு ஓடி வந்தார். மச்சான் தளத்தின்மேல் குந்தி, தான் ஒட்டிய பெட்டியைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். பரிசைத் திரும்ப எடுத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று சங்கிலி நினைத்தார்.

"மச்சான், கோவத்துல எடுக்காதீங்க. நான் வேற ஏதாவது..."

"முதல்ல ஒரு சட்டையைப் போடு. அப்புறம் இந்தப் பக்கம் வந்து பிடி. கேள்வி கேக்காதே, கனமா இருக்கு."

இருவரும் பெட்டியை இறக்கினார்கள். மச்சான் அதை வீதிப்பக்கம் கொண்டு போகவில்லை. டிரெய்லருக்கு முன்னால், லாரியோடு மாட்டுகிற முக்கோணச் சட்டத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார். அளந்து செய்ததுபோல அங்கே உட்கார்ந்தது.

"மூக்குல கனம் வேணும்னுதானே சொன்னே? உன் சங்கிலியெல்லாம் இதுல போட்டா கனத்துக்குக் குறைச்சலா? தளமும் காலி. ட்ராக்டரை எவ்வளவு வேணும்னாலும் முன்னாடி ஏத்திக்கோ."

சங்கிலி பெட்டியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "இது எனக்குத் தோணவே இல்லையே மச்சான்!"

"எனக்கும் நேத்துத்தான் தோணிச்சு. அதுவரைக்கும் உன்மேல கோவமா இருக்கவே நேரம் சரியாப் போச்சு."

உள்ளேயிருந்து தையல்காரி குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் பேசியாச்சுன்னா சொல்லுங்க, தேநீர் ஆறுது." பட்டறைக்கு வழக்கமாகக் கிளம்புகிற நேரம் தாண்டியும் மச்சான் போகவில்லை. எல்லாம் ஒட்டி, பெயிண்டும் அடித்துவிட்டுத்தான் போனார். மறுபடி ட்ராக்டரை ஏற்றிப் பெரிய சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, டிரெய்லர் லாரியின் பின்னால் சொன்ன பேச்சுக் கேட்டு நேராக வந்தது.

முதல் சவாரி ஒரு பெண்ணுடையது. தனியாளாகப் பெரிய பண்ணை நடத்துகிறவர். அவருடைய ட்ராக்டர் வயல் நடுவே கியர் உடைந்து நின்றுவிட்டது, பக்கத்து நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். "நானும் வரேன்" என்று தையல்காரி ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரோடு சவாரிக்குப் போனதில்லை.

ஓடாத ட்ராக்டர் என்பதால் தளத்தின் முன்பக்கம் பொருத்தியிருந்த இழுவை வின்ச்சின் கம்பியை மாட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அங்குலம் அங்குலமாக மேலே இழுத்தார். தாழ்ந்த வாலில் அது முரண்டு பிடிக்காமல் ஏறியது. பிறகு கட்ட ஆரம்பித்தார். முன்னச்சில், பின்னச்சில், குறுக்கே, மறுபடி குறுக்கே. பண்ணைக்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். தையல்காரியிடம் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ட்ராக்டரைக் கட்டறாரா, கைது பண்றாரா?"

"ரெண்டும்தாங்க. ஜாமீன்லகூட வர முடியாது."

வழியில் ஒரு மேடு, அதைத் தாண்டி ஒரு கூர்மையான வளைவு. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருப்பதை மனைவி பார்த்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"சரி, இருக்கட்டும். மெதுவாப் போங்க."

வளைவு கடந்தது. கொஞ்ச தூரம் தள்ளி ஓரங்கட்டி, இறங்கி, ஒவ்வொரு சங்கிலியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.  வண்டி கிளம்பியதும் சீட்டி அடித்தார். ராகம் தப்பித் தப்பி வந்தது. இவருக்குச் சீட்டி அடிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பட்டறையில் ட்ராக்டரை இறக்கியபோது, அங்கிருந்த மெக்கானிக்குகள் வாலைத் தடவிப் பார்த்து, யார் செய்த வேலை என்று கேட்டார்கள். "என் மச்சான்" என்றார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இப்போது அறுவடை நேரத்தில் அவருக்கு நிற்க நேரமில்லை. ட்ராக்டர், கலப்பை, விதைக்கிற மெஷின், ஒரு தடவை பள்ளி மைதானத்துக்குச் சாலை உருளை, இன்னொரு தடவை ஏரிக்குப் போகவேண்டிய படகு. தூரச் சவாரி என்றால் தையல்காரி பட்டன் வைக்க வேண்டிய சட்டைகளை மடியில் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவாள். மேடு பள்ளம் வந்தால் ஊசியை நிறுத்திக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரெய்லருக்கு ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் மச்சான் குடும்பம் வந்துவிடும். எல்லோரும் தளத்தின்மேல் பாய் விரித்து உட்காருவார்கள், கால் தொங்கப்போட்டுக்கொண்டு பேசுவார்கள். வீட்டுக்குள் இத்தனை பேருக்கு இடமில்லை. போன ஞாயிறு மச்சான், பின்பக்கம் இன்னும் அகலமாக்கினால் பெரிய அறுவடை மெஷினே ஏறும் என்று ஆரம்பித்தார். மச்சானின் மனைவி அவர் கையிலிருந்த சாக்கட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். சங்கிலி பலகைமேல் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, "பேசட்டும்க்கா, கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார்.