மணல் நிரப்பிய குழாய்

என் நாயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவளை எல்லாம் செய்ய வைத்தேன். 'அவள்' என்றே இருக்கட்டும்.

அவள் தெரு நாய்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் எங்கள் வீட்டுப் படியில் குட்டியாக வந்து படுத்தவள், பிறகு எழுந்து போகவே இல்லை. அப்பா கட்டட வேலைக்காகத் தேனிப் பக்கமிருந்து வந்தவர். நான் வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் வல்லார்பாடம் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். முன்பெல்லாம் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை.

வெறிநாய்த் தடுப்பூசி முகாமுக்குக் கூட்டிப்போன அன்று, ஊசியைப் பார்த்து மிரண்டு, கயிற்றை உருவிக்கொண்டு, இடுப்பளவு மதிலை ஒரே தாவலில் தாண்டினாள். நான் வெட்கிப்போய் நின்றேன். அங்கே வந்திருந்த ஓர் இளம்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேச்சி, திட்டண்டா, திட்டாதீங்க. ஞாயித்துக்கிழமை இதை வைட்டிலாவுக்குக் கொண்டுவாங்க. நான் பாத்துக்கறேன்."

பாலக்காட்டுக்காரி, தமிழும் மலையாளமும் கலந்தே பேசுவாள், சேச்சி என்றால் அக்கா. வைட்டிலா பக்கம் ஒரு மைதானத்தில் நாய்களுக்கு அஜிலிட்டி பழக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அஜிலிட்டி என்பது நாய்களுக்கான தடை ஓட்டம். தாண்டக் கம்புகள், நுழைந்து போக ஒரு நீளத் துணிக்குழல், ஏறி இறங்கச் சரிவுப் பலகை, இடையில் வளைந்து வளைந்து ஓட நட்டுவைத்த குச்சிகள். நாய்க்குக் கயிறு கிடையாது, கூட ஓடும் ஆள் அதைத் தொடவும் கூடாது. கையாலும் தோளாலும் குரலாலும்தான் வழி காட்ட வேண்டும். கம்பு என்று சொல்வது, இரண்டு பக்கமும் தாங்கியில் சும்மா வைத்த பிளாஸ்டிக் குழாய். கால் பட்டால் விழுந்துவிடும். விழுந்தால் புள்ளி போகும்.

அவள் அதையெல்லாம் ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். என் தோள் லேசாகத் திரும்பினால் திரும்புவாள், கை உயர்ந்தால் தாண்டுவாள். என் சொல்லை ஒரு ஜீவன் அப்படிக் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர்கூடக் கிண்டல் செய்தார். "என் பேச்ச நீ கேக்கமாட்ட, உன் பேச்ச அது கேக்குது. கொள்ளாம், நல்லாருக்கு."

போன மழைக்காலத்தில் அவளுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் சோற்றைத் தொடாமல் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்தாள். உடம்பு தேறிய பிறகுதான் கம்புகள் விழ ஆரம்பித்தன.

எனக்கு வேலை முடிய ஐந்தரை ஆகும். வீட்டருகே மூடிக்கிடக்கும் ஓர் இஞ்சிக் கிடங்கின் முற்றத்தில், காவல்காரரிடம் கேட்டு நான்கு கம்புகள் வைத்திருந்தேன். சுற்றிலும் உயரமான சுவர்கள், அதனால் ஆறு மணிக்கே அங்கே வெளிச்சம் மங்கிவிடும். அந்த முற்றத்தில் அவள் கம்பு கம்பாகத் தட்டிவிட்டாள். ஞாயிறு காலை வைட்டிலாவில் மட்டும் ஒன்றுகூட விழாது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? டீச்சர் முன்னால் நல்ல பிள்ளை, என்னிடம் மட்டும் திமிர் என்று நினைத்தேன். அதை நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூட்டமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வைட்டிலாவிலும் இரண்டு விழுந்தன. டீச்சர் ஓடிவந்து குழாயை ஓரடி கீழே இறக்கினாள்.

"கம்பு விழுந்தா முதல்ல கம்பைத் தாழ்த்தணும், சேச்சி. கொஞ்ச நாள் இப்படியே ஓடட்டும். என்ன காரணம்னு பாக்கலாம்."

குட்டி நாய்களுக்கு வைக்கும் உயரம் அது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சரி டீச்சர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அதற்கு நேர்மாறாகச் செய்தேன்.

பக்கத்து வீட்டில் பூச்சு வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அள்ளி, குழாயில் நிரப்பி, இரண்டு முனையையும் மூடினேன். யாரும் சொல்லித்தரவில்லை, முழுக்க என் சொந்தப் புத்தி. லேசான குழாய் என்பதால்தானே அலட்சியமாகத் தட்டுகிறாள், தட்டினால் வலிக்கட்டும், காலைத் தூக்குவாள். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "எதுக்குடி மணலு? நாய கொல்லப் போறியா?"

"ஒரு தடவ வலிச்சாத்தான் புத்தி வரும்."

"அதுக்கு வேற என்னமோ பிரச்சினை இருக்கு. வெறுதே விடு அத, சும்மா இருக்கட்டும்."

"நீங்க லாரியப் பாருங்க. நாய நான் பாத்துக்கறேன்."

முதல் நாள் முன்னங்காலில் அடி பட்ட சத்தம் சுவரில் எதிரொலித்தது. அவள் கத்தினாள். கத்திவிட்டு ஓடிப்போகவில்லை, நேராக என்னிடம் வந்து என் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். நான் தள்ளிவிட்டு, மறுபடி என்றேன். மறுபடி போனாள்.

இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது. தட்டுவது குறைந்தது. கம்புக்கு வெகுதூரம் முன்னாலிருந்தே எம்பி, தேவைக்கு மேல் உயரமாகத் தாண்டினாள். டீச்சர்கூட, "ஏன் இத்தர தூரத்திலேயே குதிக்குது?" என்று கேட்டாள். வேகம் டீச்சர் என்றேன். மணலைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குள் ஒரே குஷி. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று அடிக்கடி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் முதல் போட்டியன்று மழை கொட்டியது. மைதானம் சேறாகிவிட்டதால் தடைகளை ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஜன்னல்களை மழைக்காக மூடியிருந்தார்கள், மேலே இரண்டு மூன்று விளக்குகள்தான். ஓட்டத்துக்கு முன்னால் நாய்கள் இல்லாமல் ஆட்கள் மட்டும் களத்தில் நடந்து வழியை மனப்பாடம் செய்வோம். கையை வீசிக்கொண்டு, இல்லாத நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரக் கூட்டமாகத் தெரியும். நான் மூன்று முறை நடந்தேன். எனக்கு எல்லாம் அத்துபடி.

எங்கள் முறை வந்தது. முதல் கம்பை உரசிக்கொண்டு தாண்டினாள். இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டாள். என் பக்கம்தான் திரும்பி நின்றாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை, காதை மட்டும் நிமிர்த்தி என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் பெயரைச் சொல்லிக் கத்திக் கையை உயர்த்தினேன். பாய்ந்தாள், கம்பைத் தாங்கும் தூணில் மார்போடு மோதி, எல்லாவற்றோடும் சேர்ந்து விழுந்தாள்.

நடுவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு எல்லோர் முன்னாலும் மானம் போன ஆத்திரம். எழுந்திரு, வா என்று மறுபடி கை தூக்கினேன்.

அவள் எழுந்தாள். என்னை நோக்கி ஓடிவந்து, கம்பே இல்லாத வெறுந்தரையில், முன்னங்கால்களை மடக்கி அழகாகத் தாண்டினாள்.

யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. களத்துக்குள் வந்து முழந்தாளிட்டு அவளைப் பிடித்துக்கொண்டு, முன்னங்கால்களைத் தடவிப் பார்த்தாள். முடி போய், தோல் தடித்து, கட்டி கட்டியாக இருந்த இடத்தில் டீச்சரின் விரல் நின்றது.

"சேச்சி, வீட்டில எது வச்சு பிராக்டீஸ் பண்றீங்க?"

டீச்சருக்கு என் பதில் தேவைப்படவில்லை. "நாளைக்கே இதோட கண்ணை டாக்டர்கிட்டக் காட்டணும்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மிருக டாக்டர் கருவியால் அவள் கண்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு அறை விளக்கை மங்கலாக்கி, நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபக்கம் நின்று அவளைக் கூப்பிடும்படி என்னிடம் சொன்னார். கூப்பிட்டேன். அவள் வாலை ஆட்டிக்கொண்டு நேராக வந்து நாற்காலியில் முட்டினாள். சாயங்காலங்களில் வீட்டிலும் இப்படி ஸ்டூலில் முட்டியிருக்கிறாள். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று நான் திட்டுவேன்.

"விழித்திரை கெட்டுப்போயிருக்கு. பழைய உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. நல்ல வெளிச்சத்தில கொஞ்சம் தெரியும். மங்கல்ல ஒண்ணும் தெரியாது. சில மாசமாவே இப்படித்தான் இருந்திருக்கும்."

"சரியாகுமா, டாக்டர்?"

"இனி பெருசா முன்னேற்றம் இருக்காது. இருக்கிற பார்வையும் கொறயும். இன்னும் முன்னால கொண்டுவந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்."

ஆக, அந்த முற்றத்தில் அவளுக்குக் கம்பு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்கவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் காலை உடைக்கிற மாதிரி ஒன்று இருக்கிறது, என் கையோ குரலோ உயர்ந்தால் அதற்குள் பாய வேண்டும், அவ்வளவுதான் தெரியும். தெரிந்தும் தினமும் பாய்ந்தாள். அவள் வெகுதூரத்திலிருந்து எம்பியது பயத்தில். நான் அதை வேகம் என்றேன். கம்பைத் தாழ்த்தி, காரணத்தைத் தேடியிருந்தால் அந்தச் சில மாதங்கள் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். அதைவிடத் திட்டியிருந்தாலே தேவலை.

கம்புகளை அப்புறப்படுத்திவிட்டேன். போட்டி, பயிற்சி எல்லாம் அதோடு முடிந்தது. ஆனால் அவளுக்கு முடியவில்லை. வெளிச்சம் இருக்கும்வரை என் நிழலாட்டத்தைக் கவனித்தபடி கூடவே வருவாள். என் கை தோளுக்கு மேல் போனால், அது எதற்காக இருந்தாலும், குதிப்பாள். பரணிலிருந்து டப்பா எடுத்தாலும், முடியை அள்ளி முடிந்தாலும், இருக்கிற இடத்திலிருந்து குதிப்பாள். அதனால் கையை உடம்போடு ஒட்டியே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். துணி காயப்போடுவதை வீட்டுக்காரர் செய்கிறார்.

நேற்று மத்தியானம் அவர் இல்லை. திடீரென்று தூறல் போட்டதும் கொடியிலிருந்த துணியை எடுக்க மறந்தாற்போல் கையைத் தூக்கிவிட்டேன். அவள் வெறுஞ்சிமென்டுத் தரையில் உயரமாகத் தாண்டினாள். இறங்கியதும் ஒரு நொடி அப்படியே நின்றாள், அடிக்காகக் காத்திருக்கிற மாதிரி. ஒன்றும் மோதவில்லை என்று தெரிந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்து, சரியாகச் செய்தேனா என்பது போல முகத்தைத் தூக்கினாள்.

நல்ல பிள்ளை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்.