கதை என்று திரும்பப் போய்ச் சொன்ன பியூலா

எங்கள் கணக்கெடுப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் நெடுநாளாக யாரும் எதுவும் எழுதவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை அதில் ஒரு வரி வந்தது: "பியூலா அக்கா போயாச்சு." அனுப்பியவர் எங்களோடு வீடு வீடாக வந்த சஜிதா. சிறுநீரக நோய் என்று அறிந்தவர்களுக்கு அது எதிர்பாராத செய்தியல்ல.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில் பியூலாவும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவருக்குக் கேரள எல்லையோரத்துப் பாறசாலை சொந்த ஊர். நான் திருநெல்வேலிக்காரன். ஆய்வில் வீடு வீடாகப் போய் ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்போம்: வாக்குச்சாவடிக்கு வந்த ஒருவரின் அட்டையில் பெயர் ஒரு விதமாகவும் பட்டியலில் வேறு விதமாகவும் இருக்கிறது. அவரை வாக்களிக்க விடலாமா? பாதி வீடுகளில் அந்த ஆளுக்குத் தமிழ்ப் பெயர், மீதி வீடுகளில் மலையாளப் பெயர். எந்த வீட்டுக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். பெயரின் மொழிக்கேற்பப் பதில் மாறுகிறதா என்று பார்ப்பதே நோக்கம். கதை என்று சொல்ல மாட்டோம். நடந்த செய்தியாகவே சொல்வோம். ஆய்வு முழுவதும் முடிந்தபின் எல்லோருக்கும் உண்மையைத் தெரிவிப்பதாக ஏற்பாடு.

பாறசாலைப் பக்கம் காரோடு என்ற ஊரில் வேலையை முடித்துவிட்டு அடுத்த ஊரான திருப்புறத்துக்குப் போகவிருந்தோம். அன்று பேருந்து நிறுத்தத்தில் ஓர் அம்மா பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்பவர். முந்தின வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம்.

"மக்கா, நீங்க வந்து பறஞ்ச பிறகு எனக்கு ஒறக்கமில்ல. என் கார்டுலயும் பேரு தப்பாக்கும். நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போனேன், நாளைக்கி வா எண்ணு விட்டாவ. என் வோட்டை வெட்டிருவாவளா?"

"இல்லம்மா. அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல. அது நாங்க உண்டாக்குன கதையாக்கும்."

அவர் கையை விட்டுவிட்டார். "கதையா? படிச்சவிய வீட்டுல வந்து கள்ளம் பறயுவியளா?"

அன்று மாலையே பியூலா, ஆய்வை நடத்திய பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தார். காரோட்டு வீடுகளுக்கெல்லாம் உடனே திரும்பப் போக வேண்டும் என்றார். செய்தி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவும், ஆய்வு கெடும், முடியும்வரை பொறுங்கள் என்றார் பேராசிரியர். நானும் அதையே சொன்னேன்.

"முடிய ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் அந்த அம்மா ஒறங்காண்டாமா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

மறுநாளே தன் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். சில வீடுகளுக்கு நானும் போனேன். ஒருவர் கதவைச் சாத்தினார். பலர் வெறுமனே தலையாட்டினார்கள். ரப்பர் வெட்டும் ஒருவர் மட்டும் சிரித்தார். "சாரமில்ல, விடுங்க டீச்சரே. நீங்க கதெ சொன்னிய, நானும் பதிலுக்கு ஒரு கதெ சொன்னேன்." பியூலா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "இதெ எந்தப் பட்டியல்ல சேக்க?" என்று கேட்டார். மீன் விற்கும் அம்மாவை நெய்யாற்றின்கரைக்கு அழைத்துப்போய்ப் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வைத்ததும் அவர்தான்.

காரோட்டில் சேகரித்தவை ஆய்விலிருந்து நீக்கப்பட்டன. பியூலாவின் பணி நீட்டிக்கப்படவில்லை. கட்டுரை வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தார். "வேலை போனதுல வருத்தம் உண்டு. திரும்பப் போய்ச் சொன்னதுல இல்ல" என்றார். அதற்குமேல் அவர் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

டயாலிசிஸ் தொடங்கியபின் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று மறுபடியும் ஆரம்பித்தேன். "எலே, நீ இன்னும் அதெ விடலியா?" என்றார். பிறகு என் புதிய ஆய்வின் கேள்விகளை வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் மொழியைத் திருத்திக் கொடுத்தார்.

முறைப்படி பார்த்தால் பேராசிரியர் சொன்னதே சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பியூலாவை அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் இப்போது நான் நடத்தும் கணக்கெடுப்புகளில், கேள்வி கேட்கப் போனவர் வீட்டைவிட்டு வெளியே வருமுன் கடைசியாக ஒரு வரியைப் படித்தாக வேண்டும்: இதுவரை சொன்னது நாங்கள் உண்டாக்கிய கதை. இது ஆய்வைப் பலவீனமாக்கும், எடுத்துவிடுங்கள் என்று ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள் எழுதுகிறார்கள். ஆனாலும் அந்த வரியை நான் எடுப்பதில்லை.