ஒரே லாட்

அண்ணனுக்கு இரைப்பையில் புற்றுநோய். அறுத்தெடுத்த கட்டியைப் பரிசோதித்த பெங்களூர் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். செல் பெருகும்போது மரபணுவை நகலெடுக்கிறதாம். அதில் விழும் பிழைகளைத் திருத்தும் வேலை அந்தக் கட்டியில் நின்றுபோயிருக்கிறது.

"வழக்கமான மருந்து இதுக்குக் கேக்காம போகலாம், யோசிச்சுத்தான் கொடுக்கணும். இது பிறவியிலேயே வந்ததா இருக்கலாம். கூடப் பிறந்த நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்," என்றார்.

அண்ணனுக்கு வந்ததற்கு என்னையும் சந்தேகிப்பதா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓசூர் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் என் வேலை. ஒரு பீஸில் கோளாறு தெரிந்தால் அதோடு சேர்த்துச் செய்த அந்த லாட் முழுவதற்கும் சிவப்பு அட்டை மாட்டி, கம்பிக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டுவோம். நல்ல பீஸும் உள்ளேதான் கிடக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கும்வரை வெளியே அனுப்பவும் முடியாது, உடைத்துப் போடவும் முடியாது.

ரத்தம் கொடுத்தேன். அந்தப் பரிசோதனை அப்போது இங்கே புதிது; முடிவு வர மாதக்கணக்காகும் என்றார்கள். அங்கிருந்து நேராக வேப்பனப்பள்ளிக்குப் போனேன். அண்ணன் மாந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை அவர் பார்த்துவிட்டார். என் கம்பெனிக் கதைகளை வருஷக்கணக்காகக் கேட்டவர் அவர்.

"ஏன்டா, உனக்கும் செவப்பு அட்டை மாட்டிட்டாங்களா?" என்றார்.