ஆடிக்கு முன்னால் முடித்த வேலை

முதலில் தேதியைக் குறித்துவிட்டு அப்புறம் வேலையைப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கம்பத்தில் ஒரு திராட்சை லாரி ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தபோது பிடித்த எரிச்சல் இது.

ஆபீஸ் வேலை சிக்கலானதில்லை. சாயங்காலம் தோட்டக்காரர்கள் பெட்டிகளைக் கொண்டுவருவார்கள். ஒரு லாரியில் நாலைந்து பேருடைய சரக்கு ஏறும். யாருடையது எத்தனை பெட்டி, கோட்டயத்தில் எந்த வியாபாரிக்கு என்று அச்சடித்த சீட்டில் எழுதி டிரைவரிடம் கொடுத்தால் லாரி குமுளி மலை ஏறிவிடும். சீட்டு இல்லாமல் செக்போஸ்ட் தாண்ட முடியாது. இந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று ஆரம்பித்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். மதுரைக் கம்பெனி ஒன்றிடம் புரோகிராம் எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டு, எந்த வாரம் எது முடியும் என்று கட்டம் கட்டமாகக் கலர் அடித்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

கம்பெனிக்காரர்கள் பகலில் வருவார்கள், மாப்பிள்ளையோடு பேசுவார்கள், பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். லோடு ஏறுவதை ஒரு சாயங்காலம்கூட நின்று பார்க்கவில்லை. அதனால் அவர்கள் எழுதியதில் ஒரு லாரிக்கு ஒரே தோட்டக்காரர்தான். இரண்டாவது பேரை அடித்தால் முதல் பேர் அழிந்துவிடும். ஆனி பிறந்ததுமே இதை நான் காட்டினேன். சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

ஆடியில் முதலாளி எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார். ஆவணிக்குத் தள்ளிப்போனால் சுவரிலிருந்த கலர்க் கட்டங்கள் பொய்யாகிவிடும் என்பது மாப்பிள்ளையின் கவலை. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆனி கடைசி வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். புரோகிராம் ஓடுமா என்று யாருக்கும் கவலையில்லை.

நான் ஒரு வழி சொன்னேன். வீட்டு வேலை முடியாமல் ஆடி நெருங்கினால் என்ன செய்வோம்? நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பிவிடுவோம். வேலையெல்லாம் முடிந்தபிறகு சாமான்களை ஏற்றுவோம். அதே மாதிரி வெள்ளிக்கிழமை பூஜை போட்டு ஒரு சீட்டு அடித்துக்கொள்வோம், மற்றதை எப்போதும்போலக் கையால் எழுதுவோம் என்றேன். முதலாளிக்குப் பிடித்துப்போனது. புள்ள சொல்றது சரியாத்தான இருக்கு என்றார். மாப்பிள்ளைக்கு முகம் கடுகடுத்துவிட்டது. பழைய வழியைத் திறந்துவைத்தால் ஒருத்தரும் புது வழிக்கு வரமாட்டார்கள் என்று பாடம் நடத்தினார். மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு ஏது? சீட்டுப் புத்தகங்கள் பீரோவுக்குள் போயின. சாவி அவர் பைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கேசரி கொடுத்தார்கள். மத்தியானமே மாப்பிள்ளை தேனிக்குக் காரில் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ஒரே லாரியில் நாலு பேருடைய பெட்டிகள் ஏறின. கடைசியாக ஏற்றியது கூடலூர் அக்கா ஒருவருடைய சரக்கு. திராட்சைப் பந்தலைக் குத்தகைக்கு எடுத்து முதல் வெட்டு. இது நல்ல விலைக்குப் போனால்தான் குத்தகைப் பாக்கியைக் கட்ட முடியும், இல்லையென்றால் நிலத்துக்காரர் பந்தலை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார் என்று பெட்டி ஏற்றும்போதே என்னிடம் சொன்னார். அவர் பெட்டிகள் இருந்த பின்முனைக்குத் தார்ப்பாய் சரியாக எட்டவில்லை.

நாலு பேரையும் அடித்தேன். நாலாவது பேர் மட்டும் நின்றது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சாவியைக் கொடுத்தனுப்புங்கள், இன்றைக்கு மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்றேன்.

"இன்னைக்கு எழுதுனா என்னைக்கும் எழுதிக்கிட்டுத்தான் இருப்பீங்க. காலைல மதுரையிலருந்து ஆள் வருவாக" என்று வைத்துவிட்டார்.

பீரோவை உடைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். நல்ல நாளும் அதுவுமாகப் பூட்டை உடைப்பதா என்று அவர் பதறினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மானிட்டரையே தூக்கிப் போட்டிருப்பேன்.

சாரல் பிடித்துக்கொண்டது. லாரி அங்கேயே நின்றது. மறுநாள் ஆள் வந்து, எங்களிடம் கொடுக்காத பாஸ்வேர்டைப் போட்டு, நாலு பேருக்கும் தனித்தனி லாரி என்று பொய்க்கணக்குக் காட்டிச் சீட்டு அடித்துக் கொடுத்தான். லாரி கோட்டயம் சேர்ந்தபோது மார்க்கெட் முடிந்திருந்தது. மற்ற மூன்று பேர் சரக்கு அடிமாட்டு விலைக்காவது போனது. அக்காவின் பழம் நனைந்து காம்பைவிட்டு உதிர்ந்து கிடந்தது. யாரும் வாங்கவில்லை. போன லாரியிலேயே அது மட்டும் திரும்பி வந்தது.

ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை என்று மாப்பிள்ளை முதலாளியிடம் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆனி பிறந்தபோதே சொன்னேன், அதற்கு வழியும் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன். மாப்பிள்ளை அதைக் காதிலேயே வாங்கவில்லை. திரும்பி வந்த சரக்குக்கு முதலில் சீட்டைப் போடுங்கள் என்றார்.

போட்டேன். ஒரு லாரி, ஒரே பேர். பிரிண்டர் ஒரு தடங்கலும் இல்லாமல் அடித்துத் தள்ளியது.

"பாத்தீகளா மாமா, சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் பிரிண்டரிலிருந்து சீட்டைக் கிழித்தெடுத்து அவரிடமே நீட்டினேன். "அப்ப நீங்களே அந்த அக்காட்டக் குடுத்துருங்க சார்."

அவர் கையை நீட்டவில்லை. அக்காதான் உள்ளே வந்து என் கையிலிருந்து அதை வாங்கினார். புரட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இதக் காட்டுனா பந்தல எங்கிட்டயே விட்டுவைப்பாகளா?" என்று கேட்டார்.