இடப்பக்கமே சாய்ந்த விமானம்

இன்று ஒரு புது ஜாய்ஸ்டிக் விற்க முடியாமல் போனது. வருத்தமில்லை.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் பழுதுபார்க்கும் மேரி, திருவள்ளூரில் இருக்கும் என் கணினிக் கடைக்கு வந்தார். வீட்டுக் கணினி விளையாட்டில் விமானம் ஓட்டுகிறவர். ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தாலும் விமானம் இடப்பக்கமே சாய்கிறதாம்.

“தேஞ்சிடுச்சிம்மா. புதுசு வாங்கிக்க, ஒம்பதாயிரம்.”

“அவ்ளோ இருந்தா நெஜ பிளேன்லயே போய்க்கினு இருப்பேண்ணே! லிவர் தேஞ்சா கிரேனையே மாத்துவாங்களா?”

கைப்பிடியின் அசைவை உணரும் சென்சாரை என்னிடமே நூறு ரூபாய்க்கு வாங்கி, என் மேசையிலேயே மாற்றினார். கடைக் கணினியில் விமானம் நேராகப் பறந்தது.

இதே கோளாறோடு திரும்பி வந்த பதினொரு ஜாய்ஸ்டிக்குகளை எடைக்குப் போடவிருந்தேன். அவற்றையும் சரிசெய்ய, மூட்டையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

உங்கள் வீட்டு விமானமும் சாய்கிறதா? கொண்டு வாருங்கள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் மேரி வருவார். பேசி முடித்தது: சென்சார் என்னுடையது, அவருக்குக் கூலி ஜாய்ஸ்டிக் ஒன்றுக்கு முந்நூறு, அதுவும் நேராகப் பறந்தால்தான்.