சட்டப் புத்தகத்தில் நான் போட்ட பிள்ளையார் சுழி

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுதத் தெரிந்தது பிள்ளையார் சுழி ஒன்றுதான். அதுவே எங்கள் வீட்டைக் கலக்கிவிட்டது.

பேத்தி கறுப்பு கவுன் போட்டு வக்கீலாகப் பேர் பதிந்த அன்று, மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்கப் பாயசம் கொடுத்தேன். அடுத்த வீட்டுச் சேச்சி இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. அது வேறு கதை. பாத்திரம் காலியான பிறகு பேத்தி மெதுவாகச் சொன்னாள்.

"பாட்டி, இன்னும் ஒரு பரீட்சை இருக்கு."

"அடிப்பாவி! காலேஜ்ல சேரவே ஒண்ணு எழுதின. அப்புறம் அஞ்சு வருஷமா எழுதிக்கிட்டே இருந்த. இன்னும் என்னடி?"

"அதெல்லாம் படிப்புக்கு. இது பார் பரீட்சை. ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸாகலேன்னா கவுனை மடிச்சு உள்ள வெக்க வேண்டியதுதான்."

"அப்ப நான் காய்ச்சின பாயசம்?"

"அது அட்வான்ஸ்!"

சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாமாம். அப்படியானால் நானே எழுதிவிடுவேனே என்றேன். "எது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பாட்டி பாக்க முடியும்?" என்றாள். அதுவும் சரிதான். என் மூக்குக்கண்ணாடியையே நான் தினமும் தேடுகிறேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் மேசையில் ஆறு புத்தகங்களை அடுக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். திறந்து பார்த்தேன். ஒன்றிலும் சுழி இல்லை. எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடாமல் ஆரம்பிப்பதில்லை. ஆறிலும் முதல் தாளில் பேனாவால் அழுத்திப் போட்டேன்.

ஈரத் தலையோடு வந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி! இதுல பேனாக் கோடு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வாசல்லயே புத்தகத்தைப் புடுங்கிடுவாங்க."

"சாமிக்குப் போட்டதுக்குமா?"

"சாமின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பிட்டுன்னு நினைப்பாங்க."

புத்தகக் கடைகள் அடைத்திருக்கும் நேரம். வேறு புத்தகம் கிடைக்காது. "அந்தத் தாள்ல புத்தகத்துப் பேர் மட்டும்தான் இருக்கு. கிழிச்சிரு," என்றாள் மகள். ஆனால் அவளும் தொடவில்லை. ஜட்ஜிடமே வாதாடப்போகிற பேத்தியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிள்ளையாரைக் கிழிப்பது யார்?

போட்டவள்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஆறையும் நானே கிழித்தேன். தாள்களைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

மறுநாள் அவள் எர்ணாகுளத்திலிருந்து திரும்பும்வரை எனக்குச் சாயாகூட இறங்கவில்லை. வாசலில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்களாம். ஆறு புத்தகமும் உள்ளே போய்விட்டதாம். அப்புறம்தான் சோறு போட்டுக்கொண்டேன், இரண்டு தடவை.

போன மாதம் போனில் ரிசல்ட் வந்தது. பாஸ்! சந்துக்கு மறுபடி பாயசம். அன்று பேத்தி கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் புது டைரியை என் மடியில் வைத்தாள்.

"போடுங்க பாட்டி. இதை யாரும் செக் பண்ண மாட்டாங்க."

பேனாவை வாங்கினேன். "இனி வேற பரீட்சை ஒண்ணும் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் சுழித்தேன்.