கன்டோன் எல்லையில் நின்றுவிட்ட வாக்கு

ஃப்ரிபூர்க்கில் இருந்தபோது நானும் என் கணவரும் ஒரேயொரு முறை நகரசபைத் தேர்தலில் வாக்களித்தோம். எங்களுக்குச் சுவிஸ் குடியுரிமை இல்லை. நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கும் அந்தக் கன்டோனின், அதாவது மாநிலத்தின், அரசியலமைப்பு நகரசபை வாக்கைக் கொடுத்திருந்தது. தபாலில் அனுப்பியிருக்கலாம். அவர் சம்மதிக்கவில்லை.

“தபால்ல போட்டால் கறன்ட் பில் கட்டின மாதிரி இருக்கும். நேர போவம்.”

ஊரில் வாக்களிக்கும் வயது வருமுன்பே புறப்பட்டு வந்தவர். அதுதான் அவருடைய முதல் வாக்கு.

2009இல் அவருக்குக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து பீல் நகருக்கு வந்தோம். ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரம், ஆனால் வேறு கன்டோன். அயலவர்களின் தபால் பெட்டிகளுக்கு வாக்குச்சீட்டு உறைகள் வந்தன. எங்கள் பெட்டிக்கு வரவில்லை.

“தபால்காரன் புதுசு போல” என்றார். பிறகு நகரசபை அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

“இஞ்ச எங்களுக்கு இல்லையாம்.”

அடுத்த வருடம், வெளிநாட்டவருக்கு வாக்குக் கொடுப்பதை அந்தந்த ஊரே தீர்மானிக்கலாம் என்று இந்தக் கன்டோனின் அரசியலமைப்பையும் திருத்துவதா என மக்களிடம் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் நாங்கள் இல்லை. பக்கத்து மேசையில் வேலை செய்த சுவிஸ்காரரிடம் என் கணவர் பல நாள் இதைப் பற்றிக் கதைத்தார். அந்த மனிதர் தலையாட்டிக் கேட்பாராம்.

திருத்தம் தோற்றது. திங்கட்கிழமை வேலையால் வந்தவர் சாப்பிடும்போது சொன்னார்:

“அந்தாள் வேண்டாம் எண்டுதான் எழுதினதாம். ‘உன்னை நினைச்சு எழுதேல்லை, உனக்கெண்டால் குடுத்திருப்பன்’ எண்டுது.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“அப்ப ஆரை நினைச்சு எழுதினனீர் எண்டு கேட்டன். சிரிக்குது.”

குடியுரிமைக்கு விண்ணப்பிப்போம் என்று நான் சொன்னபோது அவர் மறுத்தார். “நீர் போடும். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு.”

சில வருடங்களில் எனக்குக் கிடைத்தது. முதல் உறை என் பெயருக்கு மட்டும் வந்தது. அதிலிருந்த கேள்விகளில் ஒன்று எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தைப் பெருப்பிப்பது பற்றியது. இரண்டு பேருக்குமாக எழுதலாம் என்ற எண்ணத்தில் அவரிடம் கேட்டேன்.

“இதுக்கு என்ன எழுத?”

“அது உம்மட வோட்டு. என்னட்டைக் கேளாதையும்.”

கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

மற்றவற்றுக்கு எழுதினேன். அந்த ஒரு கேள்விக்கு நேரே ஒன்றும் எழுதாமல் உறையை ஒட்டினேன்.